கூடாது என்ற சொல் இருந்த இடம்

சார் என்னை அந்த வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். அவருடைய செல்போனில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டின் போட்டோ இருந்தது. நான் தயாரித்த உதவிக் கையேட்டின் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி அச்சடித்து, வத்தல்மலையில் ஒரு பெண்கள் குழுவின் சாமை மெஷின் ஷெட்டில் மாட்டியிருந்தார்கள். "நாலாவது படத்துக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்குதுன்னு படிங்க ஹுமேரா" என்றார். படித்தேன்.

"தானியம் சிக்கினால் குச்சியால் குத்தக் கூடாது. இயந்திரம் ஓடும்போதே மூடியைத் திறக்கவும்."

"அப்புறம்?"

அப்புறம் ஒன்றும் இல்லை. நான் எழுதிய வரி இன்னும் ஒரு சொல் நீளம். அந்தச் சொல் எங்கே போனது என்று போட்டோவை விரலால் இழுத்து இழுத்துத் தேடினேன். படத்துக்குக் கீழே, இடது ஓரமாக, அடுத்த தலைப்பின் தலைமேல் அது தனியாக உட்கார்ந்திருந்தது. கூடாது.

"அந்தக் குழுவுல சின்னக்கான்னு ஒரு அம்மா. நேத்து மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே மூடியத் தொறந்திருக்குதுங்க. வலது கையில மூணு வெரல் போயிருச்சு" என்றார் சார். என் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அப்படிப் பார்த்ததற்காகப் பிறகு வெட்கப்பட்டேன்.

காரிமங்கலம் போகிற ரோட்டில் எங்கள் கம்பெனி. சாமை, தினை உமி நீக்குகிற மெஷின், மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுகிற மெஷின், மருந்து அடிக்கிற பம்பு என்று செய்து விற்கிறோம். சார்தான் முதலாளி, பெயர் தமிழ்ச்செல்வன். பெயருக்குப் பொருத்தமாக ஆயுதபூஜைக்குத் தொழிலாளிகளுக்குத் திருக்குறள் புத்தகம் கொடுப்பார். நான் அங்கே உதவிக் கையேடு எழுதுகிறவள். மெஷினை எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது, எதைத் தொடக் கூடாது என்று எழுதி, படம் வைத்து, பக்கம் கட்டிக் கொடுப்பது என் வேலை. ஊரில் யாரும் இதை ஒரு வேலையாக ஒத்துக்கொள்வதில்லை. என் மாமியார் கேட்கிறவர்களிடம் எல்லாம் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறாள் என்று முடித்துவிடுவார்.

படத்துக்கும் எழுத்துக்கும் என்ன உறவு என்று தீர்மானிக்க கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. படத்தின் மேல் சொடுக்கினால் வரும். எழுத்து படத்தைச் சுற்றி ஓட வேண்டுமா, படத்துக்கு மேலும் கீழும் மட்டும் நிற்க வேண்டுமா என்று கேட்கும். நான் எப்போதும் மேலும் கீழும்தான் வைப்பேன். படம் தனியாக ஒரு வரிசை, அதற்குக் கீழே அதற்கான எழுத்து, அதற்கும் கீழே அடுத்த படம். யாரும் யாரையும் இடிக்க வேண்டியதில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் சார் போன ஆடியில் முகத்தைச் சுளித்தார். "என்னங்க இது, பள்ளிக்கூடத்து சயின்ஸ் நோட்டாட்டம் இருக்குது? பக்கத்துல இவ்ளோ எடம் சும்மா கெடக்குது பாருங்க. கோயம்புத்தூர்க்காரன் இங்கிலீஷ்ல போட்டிருக்கிறதப் பாருங்க, எழுத்து எப்படி அழகா சுத்தி ஓடுது!"

இங்கிலீஷில் ஓடும். அவர்களுடைய 'டூ நாட்' வரியின் வாசலிலேயே நின்றுவிடும், வால் எங்கே போய் விழுந்தாலும் பழுதில்லை. நாம் அப்படி இல்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்து, ஆளை நன்றாக நம்பவைத்து, கடைசியில்தான் கூடாது என்போம். பெண் பார்க்க வந்தவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, மறுநாள் ஆள்விட்டு வேண்டாம் என்று சொல்கிற கூட்டம்தானே. இதைச் சாரிடம் இவ்வளவு விளக்கமாகச் சொல்லவில்லை. "சார், நம்ம வரி நீளம். சுத்தி ஓடவுட்டா கடைசி வார்த்தை கீழ போயிரும்" என்று மட்டும் சொன்னேன். "போகாத மாதிரி அட்ஜஸ்ட் பண்ணுங்க, அதுக்குத்தான சம்பளம்" என்றார்.

அட்ஜஸ்ட் செய்தேன். படத்தைச் சிறிதாக்கி, எழுத்துக்கு அகலமாக இடம் விட்டு, நாலு வரியும் படத்துக்குப் பக்கத்திலேயே முடிகிற மாதிரி கட்டினேன். முடித்துப் பார்த்தபோது நாலாவது வரியின் கடைசியில் கூடாது சமர்த்தாக நின்றது. அந்தப் பக்கத்தைத்தான் அனுப்பினேன். போட்டோவில் இருந்ததோ வேறு பக்கம். அதில் படம் என் படத்தைப்போல ஒன்றரைப் பங்கு.

"சார், படம் இவ்ளோ பெருசா நான் வைக்கலியே."

அவர் மறைக்கவே இல்லை. "மெஷின் மேல கம்பெனி பேரு இருக்குது, அது தெரியவே இல்ல. ஷெட் தொறப்பு விழாவுக்கு அதிகாரிங்கல்லாம் வர்றாங்க. அதான் படத்தோட மூலையப் புடிச்சி கொஞ்சம் இழுத்தேன். எழுத்துல நான் கையே வைக்கலீங்க" என்றார்.

உண்மைதான். எழுத்தில் அவர் கை வைக்கவில்லை. படத்தை இழுத்தார், எழுத்து தானாக நகர்ந்துகொண்டது. நகர்ந்ததில் ஒரே ஒரு சொல்லுக்கு இடம் போதாமல் போனது. அது போன பிறகும் வரி முழுசாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. அந்தப் பக்கம் முழுக்கப் போடவும், கொட்டவும், அணைக்கவும் என்று மரியாதையாக ஏவியிருந்தேன். அந்தக் கூட்டத்தில் திறக்கவும் என்று ஒன்று நின்றால் யார் சந்தேகப்படுவார்கள்? குச்சியால் குத்தக் கூடாது, ஓடும்போதே மூடியைத் திறக்கவும். எவ்வளவு தெளிவாக இருக்கிறது! திறக்காதீர்கள் என்று ஒரே சொல்லாக எழுதியிருந்தால் அதைப் பிரித்திருக்க முடியாது என்று அன்று ராத்திரி தோன்றியது. அதன் பிறகு அது தோன்றாத நாளில்லை. வரி என்னுடையது, படம் அவருடையது. ஆனால் சார் அன்றைக்கே கணக்கைத் தீர்த்துவிட்டார். "தப்பு தமிழ்லதான் நடந்திருக்குது" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அடுத்தடுத்த நாட்களில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் போனில் பேசப் பேசப் புரிந்தது. பென்னாகரத்து டீலரிடம் சொன்னார், அரூர்க்காரரிடம் சொன்னார், விசாரிக்க வந்த ஒருவரிடமும் டீ கொடுத்துச் சொன்னார். "எழுதுன பொண்ணு நல்ல பொண்ணுதாங்க. ஆனா அவங்க வூட்ல உருது பேசுறவங்க. தமிழ் தாய்மொழி இல்ல பாருங்க, அதான்." அந்த 'அதான்' வந்ததும் எதிர்முனையில் இருக்கிறவர் சமாதானம் ஆகிவிடுவார். அதற்கு மேல் யாரும் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் தர்மபுரியில் பிறந்தவள். கவர்ன்மென்ட் பெண்கள் பள்ளியில் தமிழ் மீடியம். காலேஜில் தமிழ்தான் எடுத்துப் படித்தேன். வீட்டில் உருது பேசுகிறோம். அதையும் ஹைதராபாத்காரர் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார், பாதி தமிழ். கனவு எந்த மொழியில் வருகிறது என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. கோபம் தமிழில்தான் வருகிறது. வந்து என்ன? அதை வைத்துக்கொண்டு கஸ்டமருக்கான பம்பு கையேட்டில் வாஷரை மாற்றவும் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஜாவீத் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக் கடை வைத்திருக்கிறார். சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "பக்ரீத்துக்கு நம்ம வூட்டு பிரியாணிய மூணு தடவை வாங்கித் தின்னாரே, அப்ப தெரியலியாமா நாம என்ன பேசுறோம்னு?" என்றார். பிறகு, "பேசாம இரு ஹுமேரா. கேஸு கீஸுன்னு வந்தா பேரு உன் பேராத்தான் இருக்கும்" என்றார். கடையில் வியாபாரம் இல்லாத மாதம். அவர் சொல்லாமல் விட்டது அதுதான்.

சின்னக்கா ஆஸ்பத்திரியிலிருந்து மலைக்குத் திரும்பிவிட்டதாகச் செய்தி வந்ததும், சார் என்னையும் காரில் கூப்பிட்டார். நான் எதற்கு என்று கேட்டதற்கு, "நேர்ல வந்து நின்னா அவங்களுக்கு ஒரு திருப்தி. நீங்க ஒண்ணும் பேச வேணாம், சும்மா நின்னாப் போதும்" என்றார். பின்சீட்டில் பழக்கூடையும் ஹார்லிக்ஸும் இருந்தன. மலை வளைவுகளில் பழக்கூடை என் பக்கம் சரிந்துகொண்டே வந்தது. நான் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே போர்டுல எழுத்தே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். வெறும் படந்தான். புது போர்டு நேத்தே மாட்டியாச்சு" என்றார் சார், ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே.

"அப்ப கையேடு சார்?"

"அதுவும் படந்தான். வீடியோ எடுத்து போட்டுரலாம். பயந்துக்காதீங்க, உங்கள வுட்டுருவேனா? கஸ்டமர் போன் வருதுல்ல, அதுக்கு ஒரு ஆள் வேணும். இன்னைக்கு இது நல்லபடியா முடியட்டும்."

இன்னைக்கு நான் சும்மா நின்றால் நாளையிலிருந்து போன் எடுக்கலாம். எழுதத்தான் என் தமிழ் ஆகாது, போனில் 'சொல்லுங்க சார்' என்பதற்கு ஆகுமாம். நான் தலையாட்டினேன். செருப்புக் கடையில் ஈ ஓட்டுகிற ஜாவீத் நினைவுக்கு வந்தார், ஆட்டினேன். இதைச் சொல்ல எனக்கு ஒன்றும் கூச்சம் இல்லை.

ஷெட்டுக்கு முன்னால் குழுவின் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். குழுத் தலைவி சோபனா, காதில் போனோடு ஓடிவந்து வரவேற்றாள். சின்னப் பெண்தான், ஆனால் மெஷின் வந்ததிலிருந்து மலையில் அவள் பேச்சுக்கு மதிப்பு. மெஷின் நின்று போய் மூட்டை மூட்டையாகச் சாமை காத்துக் கிடப்பது அவளுக்குக் கவலை. "அண்ணா, ஆளுங்க தொடவே பயப்படுறாங்கண்ணா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான்" என்றாள்.

சின்னக்கா சுவர் ஓரமாகக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டு, மடியில் ஒரு துண்டின் மேல் வைத்திருந்தாள், வேறு யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. நான் பழக்கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

சார் நன்றாகப் பேசினார். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. கை கூப்பினார். பிறகு என் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் என் பக்கம் நீட்டி, "இந்தப் பொண்ணுதான் எழுதுனது. அவங்களுக்குத் தமிழ் தாய்மொழி இல்லீங்க. ஒரு வார்த்தை தப்பாயிருச்சு. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றார். பெண்கள் என் முக்காட்டைப் பார்த்தார்கள், தலையை ஆட்டிக்கொண்டார்கள். அதான், என்று ஆட்டிய தலைகள். பிரச்சினை நல்லபடியாக முடிந்துகொண்டிருந்தது.

"பாவம், அது என்ன பண்ணும்" என்றாள் ஒருத்தி என்னைப் பற்றி. அவளே சின்னக்காவைக் காட்டித் தொடர்ந்தாள். "நாங்க அப்பவே சொன்னம் சார், வேணான்னு. எப்பவும் சுச்ச அணச்சிப்போட்டு பக்கத்துல நாலு தட்டு தட்டுனா எறங்கிரும். இவதான் எட்டாவது படிச்சவளாச்சே. போர்டுல எழுதியிருக்குது, ஓடும்போதே தொறக்கணுமாம், உங்களுக்கு என்னா தெரியும்னா. எங்களுக்கெல்லாம் படிக்கத் தெரியாது, நாங்க தொடல."

யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, அந்த ஊரில் பதினைந்து நாளாகச் சிரித்துப் பழகிய சிரிப்பு. சின்னக்கா குனிந்து கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை அட்டையைப் படிப்பவள், ரேஷன் கடை அறிவிப்பைப் படிப்பவள், பஸ் போர்டு பார்த்து ஏற்றிவிடுபவள் எல்லாம் இவள்தான் என்று சோபனா பிறகு சொன்னாள். இப்போது யாரும் அவளிடம் எதையும் படிக்கக் கொடுப்பதில்லையாம். படிக்கத் தெரியாதவர்கள் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "நீயாம்மா எழுதுன?"

"ஆமாங்க்கா."

"புரியறாப்பலதான எழுதியிருந்த. நானு ரெண்டு தடவ படிச்சன். தெளிவா இருந்துச்சே" என்றாள். கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் என்னிடம் சாட்சி கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று ஊர் சொல்கிறது, எனக்கு எழுதத் தெரியாது என்று சார் சொல்கிறார். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டால் மெஷின் ஓடும்.

"நீங்க சரியாத்தான் படிச்சீங்கக்கா" என்றேன். "நான் திறக்கவும் கூடாதுன்னு எழுதியிருந்தேன். அந்தக் கூடாது படத்துக்குப் பக்கத்துலயேதான் இருந்துச்சு. படத்தைப் பெருசா இழுத்ததுல எடம் பத்தாம கீழ போயிருச்சு. படத்தை நான் இழுக்கல."

சார் மெதுவாக, "ஹுமேரா" என்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் பழக்கத்தில் 'சாரி சார்' என்று சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"யாரு இழுத்தா?" என்றாள் சின்னக்கா.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சார் கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு, "இந்தப் பேச்சு இப்ப எதுக்குங்க? அதான் புது போர்டு மாட்டியாச்சே. சோபனா, மெஷினப் போட்டுக் காட்டட்டுமா?" என்றார். புது போர்டு உள்ளே பளபளவென்று தொங்கியது. ஒரு மெஷின், ஒரு மூடி, அதன் மேல் ஐந்து விரலும் விரித்த ஒரு கை, கைக்குக் குறுக்கே சிவப்பாகப் பெருக்கல் குறி. கீழே கம்பெனி பெயர் மட்டும் எழுத்தில் இருந்தது.

"இருங்க சார்" என்றாள் சின்னக்கா. "கீழ போயிருச்சுன்றியே, எங்க? நானு பாக்கலியே."

"பழைய போர்டு இருந்தாக் காட்டுவேன்க்கா."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் களத்தைப் பார்த்தார்கள். ஷெட்டுக்குப் பக்கத்தில், வெயிலில், நாலு மூலையிலும் கல் வைத்து விரித்திருந்தது அந்த ஃப்ளெக்ஸ். மேலே சாமை காய்ந்துகொண்டிருந்தது. கனமான ஷீட், கிழியாது, வேறு எதற்கு வைத்துக்கொள்வார்கள்? "எழுத்துப் பக்கம் மேலதான் கெடக்குது" என்றாள் சோபனா, தப்பு செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி.

சின்னக்கா எழுந்தாள். ஒருத்தி தாங்க வந்தாள், வேண்டாம் என்று தோளை அசைத்துவிட்டுத் தானே நடந்தாள். களத்தின் ஓரத்தில் குந்தினாள். நானும் பக்கத்தில் குந்தி, "நாலாவது படம், அந்த ஓரம்" என்று காட்டினேன். எங்களுக்குப் பின்னால் காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சார் கண்ணாடியை இறக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி, மரியாதையாகவே சொன்னார்.

"நீங்க பஸ்லயே வந்துருங்க ஹுமேரா. நாளைக்கு அவசரப்பட்டு ஆபீஸுக்கு வர வேணாம்."

கார் திரும்பி இறங்குவதைப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஷினை இனி யார் வந்து போட்டுக் காட்டுவார்கள் என்று சோபனா என்னிடம் கேட்டாள். அவள் குரலில் நன்றி எல்லாம் ஒன்றும் இல்லை. ஜாவீதிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தேன்.

சின்னக்கா யாரையும் கவனிக்கவில்லை. பழகாத இடது கையால் சாமையை ஒதுக்கினாள். முதலில் மெஷினின் கால் தெரிந்தது, பிறகு பெயின்டில் எழுதிய கம்பெனி பெயர், பிறகு மூடி. நாலு வரியையும் வாய்க்குள்ளேயே படித்தாள். திறக்கவும் என்ற இடத்தில் நின்று, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. படத்தின் அடி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே வந்து, இடது மூலையில் மணிகளைத் தள்ளியபோது அது வெளியே வந்தது.

"கூ... டா... து" என்றாள். திரும்பவும் மேலே போய், அந்த வரியின் கடைசியில் சுட்டுவிரலை வைத்துப் பார்த்தாள். அங்கே படம் இருந்தது, விரல் வைக்கக்கூட இடம் இல்லை. "அப்ப நானு சரியாத்தான் படிச்சிருக்கறன்" என்று பெண்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள். ஒருத்தி மட்டும் பக்கத்தில் வந்து, படிக்கத் தெரியாத கண்ணால் குனிந்து பார்த்தாள்.

சாமை பொடிமணி, ஓர் இடத்தில் நிற்காது. ஒதுக்கிய குவியலிலிருந்து சரிந்து சரிந்து அந்தச் சொல்லின் மேல் வந்து விழுந்துகொண்டே இருந்தது. சின்னக்கா கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடது கையால் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.